அனுப்பாத ஒலி

செம்பூரில் ஒன்றேகால் மணிக்குக்
கடைசி வண்டி போன பிறகுதான்
கேட்க ஆரம்பிக்க முடியும்.
முதல் வண்டி நாலு மணிக்கு.
நடுவில் கிடைக்கும் இரண்டே முக்கால் மணி நேரமும்
மூன்றாம் மாடிக்காரர் மோட்டார் போடாவிட்டால்தான்.

மின்விசிறியை நிறுத்துவேன்.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவேன்.
திரும்பச் செருக மறந்த நாட்களில்
காலையில் பால் திரிந்திருக்கும்.
ஜாஸுக்கு நான் கட்டும் வரி அது.

ஒரே இசைத்தட்டு, மூன்று சிடி.
எண்பத்தாறில் ஜப்பானில் அடித்தது,
கோட்டைப் பகுதி நடைபாதையில் நூற்றிருபது ரூபாய்,
அட்டையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.
தொண்ணூற்றெட்டில் வந்தது,
இருபது பிட் என்று தங்க எழுத்தில் பீற்றிக்கொள்ளும்.
மூன்றாவது போன வருஷத்தது.
மூல நாடாவிலிருந்து நேராக, என்று சத்தியம் செய்கிறது.
அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
ஜப்பான், பித்தளையில் ஈரம் இருக்கிறது.
புதியது, சிம்பல் கண்ணாடித் தூள்.
தொண்ணூற்றெட்டு பற்றி ஒரு பக்கம் முழுக்கத் திட்டு.
ஏனென்றால் மூன்றாவது பாட்டில்
இரண்டு நிமிடம் பத்தொன்பதாம் நொடியில்
பியானோக்காரர் எடையை மாற்றி உட்கார்கிறார்,
நாற்காலி முனகுகிறது.
மற்ற இரண்டிலும் முனகுகிறது.
தொண்ணூற்றெட்டில் இரைச்சலைத் துடைத்தவர்கள்
நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
மனுஷர் அந்தரத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்.

ஆக்னெலோ மாஹிமிலிருந்து வந்தான்,
சட்டைப் பையில் டெசிபல் மீட்டர்.
சத்தம் கூடினால் நல்ல சத்தம் என்று நம்பும்,
காதுக்கு லஞ்சப் புத்தி என்றான்.
ஒவ்வொரு தட்டுக்கும் அளவு பார்த்துத் திருகி
என் துப்பட்டாவாலேயே என் கண்ணைக் கட்டினான்.

மூன்று முறை ட்ரே திறந்து மூடியது.
முதலாவதில் சட்டென்று சொன்னேன்,
இதுதான் ஜப்பான், இதோ நாற்காலி.
இரண்டாவது கொஞ்சம் மங்கல், திரை போட்ட மாதிரி.
மூன்றாவது கூர்மை, பல் கூசுகிறது, புதியது.

கட்டை அவிழ்த்தான்.
தட்டு மாறவே இல்லை.
மூன்று முறையும் தொண்ணூற்றெட்டு.

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.
நான் ஃபிரிட்ஜைச் செருகினேன்.
இல்லாத நாற்காலி
எனக்குள் இன்னும் முனகிக்கொண்டிருந்தது,
தெளிவாக, கொஞ்சம் இடப் பக்கமாக.

பகலில் எனக்கு சயானில் வேலை,
செவித்திறன் சோதிப்பவள்.
கண்ணாடிக் கூண்டில் ஆளை உட்கார வைத்து
ஹெட்போன் மாட்டி
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்.
இடையிடையே ஒன்றுமே அனுப்பாமல் காத்திருப்பேன்.
சிலர் அப்போதும் அழுத்துவார்கள்,
ஏதாவது தவறிவிடுமோ என்ற பயத்தில்.
அவர்கள் ஃபைலில் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு,
பதில்கள் நம்பத்தக்கவை அல்ல.
பதினோரு வருஷமாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஷேவந்தா கடம் வந்தாள்,
பாண்டுப்பில் தகரம் அடிக்கும் கம்பெனி, ஐம்பத்து மூன்று வயது.
நான் விரலை எடுத்துவிட்ட பிறகும்
அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள்.
பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டு
கூண்டின் கதவைத் திறந்து
படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டேன்,
என்ன கேட்டது?

மிஷின், என்றாள்.
ஓடுதே மேடம்.
நிறுத்திட்டாங்களா?

அன்று அந்த வாக்கியத்தை எழுதவில்லை.
வேறு என்ன எழுதுவது என்றும் தெரியாமல்
கட்டத்தைக் காலியாக விட்டேன்,
டாக்டர் கேட்டார், சமாளித்தேன்.

நான்காவது பதிப்பு ஒன்று
இருபது நாளாகச் சுங்கத்தில் கிடக்கிறது.
ஹாலந்தில் அடித்தது.
ஆக்னெலோவிடம் சொல்லவில்லை.
நாற்காலி இருக்கிறதாம்.